மணல் முதல் மின்திரை வரை

வகுப்பறையில் அமர்ந்ததும் உங்கள் கண்ணில் முதலில் படும் பொருள் எது? பெரும்பாலும் கரும்பலகைதான். சில பள்ளிகளில் அதன் இடத்தில் இன்று வெண்திரையோ மின்பலகையோ இருக்கலாம். இக்கருவிகள் வந்த வரலாற்றைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொரு புதிய கருவியும் வகுப்பில் யார் எழுதுவது, யார் பார்த்துக்கொண்டிருப்பது என்பதை மாற்றியிருக்கிறது.

சென்னை மணல்

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பான்.

1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். பிள்ளைகள் மணலில் எழுதுவதை ஒரு திண்ணைப் பள்ளியில் அவர் கண்டார். தாளும் மையும் விலை உயர்ந்த பொருள்களாக இருந்த காலம் அது. மணலுக்கோ செலவே இல்லை. தவறாக எழுதினால் ஒரு தடவு தடவி மீண்டும் எழுதலாம். இம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். ஆனால் அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே எழுத்தறிந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறு வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இது ‘சென்னை முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்தில் பரவியது. மணல், மாணவனின் விரலுக்கு வேலை கொடுத்த கருவி.

கரும்பலகைக்கு எதிராக ஒரு கலகம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ நகரப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் ஜேம்ஸ் பில்லன்ஸ், கரும்பலகையில் வண்ணச் சாக்பீசுகளால் நிலப்படம் வரைந்து புவியியல் கற்பித்தார். அதுவரை ஒவ்வொருவர் கையிலும் இருந்த சிலேட்டு, இப்போது பெரிதாகிச் சுவருக்குப் போயிற்று. வகுப்பு முழுவதும் ஒரே படத்தை, அது கோடு கோடாக உருவாகும்போதே பார்க்க முடிந்தது.

இந்த எளிய பலகையை மாணவர்கள் எதிர்த்துக் கலகம் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் யேல் கல்லூரியில் 1830இல் அது நடந்தது. கூம்பு வெட்டுகள் பற்றிய கணிதத் தேர்வில், அதற்குமுன் மாணவர்கள் நூலிலுள்ள படத்தைப் பார்த்து விளக்கம் கூறலாம். இனி நினைவிலிருந்து பலகையில் வரைந்து காட்ட வேண்டும் என்றது கல்லூரி. மாணவர்கள் மறுத்தனர். முடிவில் 43 பேர் வெளியேற்றப்பட்டனர். தண்டனை கடுமையானதுதான். ஆனால் படத்தைப் பார்ப்பது வேறு, வரைவது வேறு என்பதை அம்மாணவர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தனர்.

திரைகளின் காலம்

திரைப்படம் தோன்றியதும் எதிர்பார்ப்புகள் பெருகின. பள்ளிகளில் விரைவில் நூல்களுக்கு வேலையிராது, பத்தாண்டுகளில் பள்ளிமுறையே மாறிவிடும் என்று 1913இல் கூறினார் எடிசன். நூல்கள் மறையவில்லை.

நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த ‘சைட்’ சோதனை மிகப் பெரிய முயற்சி. ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றன. கோழிக்கூட்டுக் கம்பிவலையால் செய்த 3 மீட்டர் அகல ஆண்டெனாக்கள் அவற்றை நேரடியாகப் பெற்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தனி நிகழ்ச்சிகளும் இருந்தன. இருப்பினும் திரையில் பேசியவருக்குப் பிள்ளைகளின் முகம் தெரியாது. புரியாத இடத்தில் நிறுத்தி அவர்கள் கேள்வி கேட்கவும் வழியில்லை. இக்குறையைப் போக்க, கேள்வி கேட்கும் வசதியுடன் 2004 செப்டம்பரில் ‘எஜுசாட்’ ஏவப்பட்டது. இன்று அந்த வசதி கைப்பேசியிலேயே கிடைக்கிறது.

என் வகுப்பில் கண்டது

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு ஒளியியல் பாடம் முழுவதையும் அழகிய வண்ணப் படங்களாகத் தயாரித்துப் புரொஜெக்டரில் காட்டினேன். நேரம் மிச்சமாயிற்று, மாணவர்களும் மகிழ்ந்தனர். தேர்வுத் தாள்களைத் திருத்தியபோதுதான் திடுக்கிட்டேன். குவிலென்சுப் படத்தில் பலருடைய கதிர்கள், லென்சை அடையும் முன்பே வளைந்திருந்தன! முழுமையான படத்தை அவர்கள் பலமுறை பார்த்திருந்தார்கள். எந்தக் கதிர் முதலில், எந்த இடத்தில், ஏன் திரும்புகிறது என்பதைப் பார்க்கவே இல்லை. பலகையில் நான் மெதுவாக வரைந்தபோது, அவர்கள் கையும் நோட்டில் கூடவே வரைந்தது. அந்த மெதுவைத்தான் நான் மிச்சப்படுத்தியிருந்தேன்.

இதனால் திரை வேண்டாம் என்பதில்லை. இரு அலைகள் ஒன்றன்மீது ஒன்று மேற்பொருந்தி நகர்வதைச் சாக்பீசால் காட்ட இயலாது. கணினி நொடியில் காட்டிவிடும். எனவே இப்போது வரையக்கூடியதை முதலில் பலகையில் வரைகிறேன், மாணவரையும் அழைத்து வரையச் சொல்கிறேன். அசைவைக் காட்ட வேண்டியபோது மட்டும் திரைக்குப் போகிறேன்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். நூலையும் கைப்பேசியையும் மூடி வையுங்கள். குவிலென்சின் குவியத்துக்கும் அதன் இரு மடங்குத் தொலைவுக்கும் இடையே ஒரு பொருளை வைத்து, கதிர்ப்படம் வரையுங்கள். பிம்பம் தலைகீழாக, பெரிதாக, மறுபக்கத்தில் இரு மடங்குத் தொலைவுக்கு அப்பால் விழுகிறதா? விழவில்லையென்றால் கவலை வேண்டாம். அழித்துவிட்டு மீண்டும் வரையுங்கள். மணலில் எழுதிய பிள்ளைகளும் அப்படித்தான் கற்றார்கள்.