ஆண்டு அனுபவித்தல்

பழைய கிரயப் பத்திரங்கள் கையில் கிடைத்தால் நான் விடமாட்டேன். கதை எழுதுகிறவனுக்கு அவற்றில் கிடைக்கிற ருசி சில நாவல்களில்கூடக் கிடைப்பதில்லை. எந்தப் பத்திரத்தைப் பிரித்தாலும் ஒரு வாசகம் தவறாமல் வரும். வாங்கியவர் புத்திர பௌத்திர பாரம்பரியமாக, சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அந்தச் சொத்தை ‘ஆண்டு அனுபவித்து’க் கொள்ள வேண்டியது என்பதே அந்த வாசகம். ஆளுகிற உரிமையைப் பத்திரம் கொடுத்துவிடும். அனுபவிப்பதை எந்தப் பத்திரத்தால் கொடுக்க முடியும்? அதுவும் முப்பது, நாற்பது வருஷங்களுக்கு?

நிலத்தையோ வீட்டையோ நினைத்து நான் இதைக் கேட்கவில்லை. நம் காலத்தில் ஒருவர் வாங்கி, ஆண்டு, அனுபவிக்கக்கூடிய சொத்துக்களில் ‘வருஷத்தில் ஒரு வாரம்’ என்பதும் சேர்ந்துவிட்டது. மலையிலோ கடற்கரையிலோ ஒரு விடுதி. அதில் வருஷந்தோறும் ஒரு வாரம் தங்கிக்கொள்ளும் உரிமை. விடுதி முழுவதும் நமதல்ல. அந்த ஒரு வாரம் மட்டும் நமது. மற்ற வாரங்கள் மற்றவர்களுடையவை. இதற்கு டைம்ஷேர் என்று பெயர். காலத்தையே பங்கு போட்டு விற்பது.

இந்த யோசனை ஐரோப்பாவில் பிறந்தது. 1963-ல் ஸ்விட்ஜர்லாந்தில் ஹாபிமாக் என்ற நிறுவனம் தோன்றியது. பலர் பணம் போட்டு விடுமுறை வீடுகளை வாங்கி முறை வைத்துக்கொண்டு தங்குவது அதன் ஏற்பாடு. சில வருஷங்களில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலும் இதே போன்ற ஒரு திட்டம் கிளம்பியது. 1974-ல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரத்தில், ஓர் ஊரில் உள்ள தன் வாரத்தைக் கொடுத்து வேறோர் ஊரில் உள்ள வாரத்தைப் பெற்றுக்கொள்ளும் பரிவர்த்தனைக் கம்பெனி ஒன்று ஏற்பட்டது. நம் நாட்டில் இந்த வியாபாரம் வேரூன்றியது வேறெங்குமில்லை, சென்னையில்தான். 1986-ல் ஸ்டெர்லிங் நிறுவனமும் 1996-ல் மஹிந்திராவின் விடுமுறை நிறுவனமும் இங்கே தொடங்கப்பட்டன. ஒன்று 99 வருஷ உரிமையை விற்றது. மற்றொன்று 25 வருஷ உரிமையை விற்றது. பள்ளிக்கூடங்கள் மூடியிருக்கும் நாட்களுக்கு ஒரு நிறம், மழைக்காலத்துக்கு ஒரு நிறம் என்று வருஷத்துக்கே வர்ணம் பூசி, நிறத்துக்கு ஒரு விலையும் வைத்தார்கள்.

புதிய சரக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்படியொன்றும் புதிது இல்லை என்று எனக்குப் புரிந்தது மரக்காணத்தில்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் போனால் மரக்காணம். மகாபலிபுரத்தையும் கடப்பாக்கத்தையும் தாண்டிய பிறகு பச்சை குறைந்துகொண்டே வந்து, திடீரென்று சாலையோரமெல்லாம் பாத்தி பாத்தியாக உப்பளம் விரிகிறது. வெயிலில் கண் கூசும். பாண்டிச்சேரிக்கு விடுமுறையைக் கழிக்கப் போகிற கார்களில் பெரும்பாலானவை இங்கே நிற்பதில்லை. நின்றாலும் உப்புக் குவியலுக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளும் நேரம்தான்.

ஆனால் ஊர் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இதற்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த நூலின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு இந்தத் திண்டிவனத்துப் பக்கந்தான். வடக்கே ஆலம்பரையில் 18-ம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இடிந்து நிற்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர்களால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. பத்து வருஷ அனுபோகம்! பிறகு பக்கிங்ஹாம் கால்வாய் வந்தது. சென்னைக்கும் மரக்காணத்துக்கும் இடையே படகுகள் ஓடின. பாரதிதாசன் தம் நண்பர்களுடன் மாவலிபுரத்துக்கு உல்லாசமாகப் போனதும் இந்தக் கால்வாயில் படகேறித்தான்.

மரக்காணத்திலுள்ள பூமீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுக்கள் அங்கே உண்டு. சோழர் காலத்துக் கோயில் சுவர்களைப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அணையா விளக்கு ஒன்று எரிக்க வேண்டுமென்று யாராவது ஆசைப்பட்டால், தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். அவற்றை மேய்க்கிற இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். சந்திர சூரியர் உள்ளவரை இது நடக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு கொடுக்கிற பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடு தட்டாத ஆடு! ஆடு சாகாதா என்ன? சாகும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வந்து கணக்கில் நிற்கும். ஓலையில் உள்ள தொகை மட்டும் என்றைக்கும் மூப்படையாது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு என் சித்தப்பாவின் ஒரு வாரம் நினைவுக்கு வந்தது. அதுவும் சாவா மூவா வாரம்தான். 1989-ல் கோடைக்கானலில் ஒரு விடுதியில் 99 வருஷ உரிமையைத் தவணையில் வாங்கினார். பத்திரத்தின்படி 2088 வரையில் அந்த வாரம் அவருடையது. வாரத்துக்கு வயதாகவில்லை. சித்தப்பாவுக்கு வயது எண்பத்திரண்டு.

அந்த முப்பத்தைந்து வருஷத்து அனுபவத்தை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். சரித்திரம் என்றால் ராஜாக்களின் சரித்திரம்தானா? இதுவும் ஒரு சரித்திரமே.

முதல் ஐந்தாறு வருஷம் பார்ப்பதிலேயே போயிற்று. ஏரி, தூண் பாறை, குறிஞ்சியாண்டவர் கோயில் என்று ஓட்டமாக ஓடினார்கள். போட்ட பணத்துக்கு ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது என்ற கணக்கும் கூடவே ஓடிற்று. சித்தி அங்கேயும் சமைத்தாள். அடுத்த பத்து வருஷம் பார்ப்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை. அந்தப் பத்து வருஷம்தான் மிகவும் நன்றாக இருந்தது என்கிறார் சித்தப்பா. விடுதிக் காவல்காரருக்குக் குழந்தைகளின் பெயரெல்லாம் தெரியும். எந்த ஜன்னலில் காலை வெயில் விழும் என்று சித்திக்குத் தெரியும். ஊர் தங்களைத் தெரிந்துவைத்திருக்கிறது என்பதே ஒரு சுகமாக இருந்ததாம். பிறகு பிள்ளைகள் வளர்ந்தார்கள், பரீட்சை வந்தது, உத்தியோகம் வந்தது, வரவில்லை என்றார்கள். வருஷந்தோறும் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. கேட்ட தேதியில் இடம் இல்லை என்ற பதிலும் அடிக்கடி வந்தது. அந்தக் காலத்தில் சித்தப்பா போன வருஷங்களைவிடச் சண்டை போட்ட வருஷங்களே அதிகம்.

2010-ல் ஹாலந்து தேசத்தில் 1,530 பேரிடம் விசாரித்து ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அவர்களில் 974 பேர் விடுமுறைக்கு வெளியூர் போய் வந்தவர்கள். போவதற்கு முன்னால், போகப் போகிறவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, மிக நிம்மதியாகப் பொழுதைக் கழித்த சிலரைத் தவிர, போனவருக்கும் போகாதவருக்கும் வித்தியாசம் காணவில்லை. ஆகவே காத்திருப்பதில் பாதிச் சந்தோஷம் இருக்கிறது. வருஷந்தோறும் ஒரு வாரம் நிச்சயம் என்று வாங்கியவர் உண்மையில் வாங்கியது மற்ற ஐம்பத்தொரு வாரத்துக் காத்திருப்பைத்தான். காத்திருப்பே தகராறாகிவிட்டால் முதலுக்கே மோசம்.

சித்தப்பாவுக்கு இன்னொரு வாரமும் உண்டு. அதை அவர் விலைக்கு வாங்கவில்லை. அவர் திண்டிவனத்தில் பிறந்தவர். சிறு வயதில் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் வண்டி கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். இந்தக் கரை நெடுகிலும் அன்று சுவாமிகளுக்குக் கடல் தீர்த்தவாரி நடக்கும். மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் பாண்டிச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளுவார்கள். நினைத்துப் பார்த்தால், வருஷத்துக்கு ஒரு தடவை, அதே நட்சத்திரத்தில், அதே கரையில் வந்து குளித்துவிட்டுப் போகிற உரிமையை முதன்முதலில் பெற்றவர்கள் நம் தெய்வங்கள்தான்! வழியில் மண்டகப்படி இருக்கும். இன்ன நாள், இன்ன இடத்தில், இன்ன குடும்பத்தார் உபயம் என்பது தலைமுறை தலைமுறையாக நடக்கும். காலத்தைப் பங்கு போட்டுக்கொள்வது நமக்குப் பழக்கமில்லாத காரியமா? கோயில் பூஜையில் முறை, ஏரிப் பாசனத்தில் முறை. ‘விடுமுறை’ என்ற வார்த்தையிலேயே ஒரு முறை இருக்கிறதே!

“அந்த மாசி மகம் மட்டும் உங்களுக்கு அலுக்கவில்லையா, சித்தப்பா?” என்று கேட்டேன்.

“ஏண்டா அலுக்கும்?” என்றார். “சின்னப் பையனாகப் போனபோது எனக்கு ஊதல் வாங்கித் தந்தார்கள். பெரியவனானதும் நான் தம்பிகளுக்கு வாங்கித் தந்தேன். அப்பா போன பிறகு அதே கடலில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். ஒரே கடல்தான். ஆனால் நான் போன வேலை ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது.”

இந்தப் பதிலை நான் வெகு நாள் யோசித்தேன். கோடைக்கானல் வாரத்தில் அவருக்கு ஒரே வேலைதான் இருந்தது, சந்தோஷமாக இருப்பது. நாற்பது வயதில் எப்படிச் சந்தோஷப்பட்டாரோ அப்படியே எண்பதிலும் படவேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் ஓலை எழுதப்பட்டிருக்கிறது. மாசி மகத்தில் அப்படி யாரும் எதிர்பார்ப்பதில்லை. குழந்தைக்கு ஒரு காரியம், கிழவனுக்கு ஒரு காரியம். மூப்படைகிறவனுக்கு அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சாவா மூவாப் பேராட்டின் ரகசியமும் இதுதான். குட்டி வந்து நிற்க இடமிருந்ததால்தான் மந்தை நிலைத்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. அவர்களுக்கும் வருஷத்தில் விடுமுறை உண்டு. தை வாக்கில் பாத்தி திருத்தத் தொடங்கி, கோடை முழுவதும் வெயிலில் வெந்து உப்பு வாரியெடுப்பார்கள். ஐப்பசியில் வடகிழக்கு மழை இறங்கினால் பாத்தியெல்லாம் தண்ணீராகிவிடும். பிறகு மாதக்கணக்கில் வேலை இல்லை, கூலியும் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கிப்போயின. மழைக் காலத்துக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித் தொகை என்று தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்படுத்தியிருக்கிறது. விடுதிக்காரர்கள் மலிவான நிறம் பூசி வைத்திருக்கிற அந்த மழை வாரங்கள் இவர்களுக்குப் பட்டினி வாரங்கள். அந்த மாதங்களில் பாத்தி ஓரம் நின்று பார்த்தபோது, அனுபவிப்பது என்ற வார்த்தைக்கு நம் பாஷையில் கஷ்டத்தை அனுபவிப்பது என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பது நினைவுக்கு வந்தது.

1997-ல் 25 வருஷ உரிமை வாங்கியவருக்கு 2022-லேயே கணக்குத் தீர்ந்துவிட்டது. சித்தப்பாவைப் போல 99 வருஷத்துக்கு வாங்கியவர்களுக்குத் தீரவில்லை. சித்தி காலமாகி ஆறு வருஷமாகிறது. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாரம் வேண்டாமாம், கட்டணம்தான் பயமுறுத்துகிறது என்கிறார்கள். சென்ற வருஷம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, “உன் பேருக்கு எழுதி வைக்கட்டுமாடா?” என்று கேட்டார்.

“எழுதுங்கள், ஆனால் என்னோடு நீங்களும் வரவேண்டும்” என்றேன். வந்தார். ஏரிக்குக்கூடப் போகவில்லை. காலை வெயில் விழுகிற ஜன்னலை என் பெண்ணுக்குக் காட்டினார். “உன் சின்னப் பாட்டி இங்கேதான் உட்காருவாள்” என்றார். அவள் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு, “அடுத்த வருஷமும் இதே அறைதானே, தாத்தா?” என்று கேட்டாள்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். கட்டணத்தை நான் கட்டிவிட்டேன்.