தேர்டீன்த் ஃபுளோர் எலிவேட்டர்ஸ்

தேர்டீன்த் ஃபுளோர் எலிவேட்டர்ஸ் (13ஆம் மாடி மின்தூக்கிகள்) என்பது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஆஸ்டின் நகரில் 1965 இல் தொடங்கப்பட்ட ராக் இசைக்குழு ஆகும். சைக்கெடெலிக் ராக் இசையின் முன்னோடிகளுள் ஒன்றான இக்குழு, பிங்க் ஃபிளாய்ட் போன்ற குழுக்கள் அடைந்த புகழில் சிறு பங்கையும் அடையவில்லை. அமெரிக்கக் கட்டடங்கள் பலவற்றில் 13 என்ற எண்ணிட்ட மாடி இருப்பதில்லை என்பது இப்பெயரை விளங்கிக்கொள்ள உதவும்.

இசை

ரோக்கி எரிக்சன் பாடகர். ஸ்டேசி சதர்லாந்து கித்தார் கலைஞர். குழுவின் தனி அடையாளம் டாமி ஹால் இசைத்த ஜாடி. ஜாடியின் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்து, அதனுள் குரலால் விரைவான ஒலிகளை எழுப்புவார். முதன்முறை கேட்போர் இதனை ஏதோ மின்னணுக் கருவி என்றே எண்ணக்கூடும். 1966 இல் வெளியான முதல் இசைத்தொகுப்பு, 'சைக்கெடெலிக்' என்ற சொல்லைத் தலைப்பில் கொண்ட முதல் தொகுப்புகளுள் ஒன்று. அதிலுள்ள 'யூ ஆர் கோன்னா மிஸ் மீ' பாடல் பில்போர்டு பட்டியலில் 55 ஆம் இடம் பெற்றது.

எரிக்சனின் கைது

1969 இல் சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததாக எரிக்சன் கைது செய்யப்பட்டார். நீண்ட சிறைத் தண்டனையைத் தவிர்க்க மனநலக் குறைபாட்டைக் காரணம் காட்டினார். விளைவு சிறையினும் கொடியதாயிற்று. 1972 வரை மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டு, மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கும் உட்படுத்தப்பட்டார். குழு அதற்குள் கலைந்துவிட்டது.

அவர் விடுதலையான அதே ஆண்டில் வெளிவந்த 'நக்கெட்ஸ்' என்ற தொகுப்பில் மேற்கூறிய பாடல் இடம்பெற்றது. பிற்காலத்தவர் பலர் இக்குழுவை அறிந்தது அதன் வழியாகவே. 2015 இல், இக்குழுவின் பாடலொன்றின் பெயரைத் தாங்கிய 'லெவிடேஷன்' இசைவிழாவில் எஞ்சிய உறுப்பினர்கள் மீண்டும் இசைத்தனர். எரிக்சன் 2019 மே 31 அன்று காலமானார்.