இந்திய விமானப்படையில் அதிகாரி உருவாக்கம்: இனத்தடையும் வர்க்கத்தடையும்

குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் வரலாற்றை எழுதுவோர், படைத்துறையின் அதிகாரிப் பதவிகள் சுதேசிகளுக்குக் கிடைத்தமையைத் தேசிய வெற்றியாகக் குறிப்பிடுவது வழக்கம். அது வெற்றிதான் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயின், அப்பதவி எச்சுதேசிக்குக் கிடைத்தது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இந்திய விமானப்படையின் தோற்றக் காலத்தை ஆதாரமாகக் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

படைத்துறையிலே ‘கொமிஷன்’ என வழங்கும் அரச ஆணை, வெறும் தொழில் நியமனம் அன்று. கட்டளையிடுவோரையும் கீழ்ப்படிவோரையும் பிரிக்கும் எல்லைக்கோடு அது. பிரித்தானிய மரபில் அதிகாரி எனப்படுபவர் ‘கனவான்’ ஆகவும் இருத்தல் வேண்டும். எனவே அவ்வாணையின் வாயிலில் தொழிற்றிறனோடு குலமும் கல்வியும் செல்வமும் நிறுக்கப்பட்டன.

முதலாம் உலகப் போரில் இந்தியர் நால்வர் பிரித்தானிய விமானப் பிரிவிலே விமானிகளாகப் பணியாற்றினர். அவருள் ஹர்தித் சிங் மாலிக் ஒக்ஸ்போர்ட்டில் பயின்றவர். தொடக்கத்தில் அவருக்கு நியமனம் மறுக்கப்பட்டது. பிரெஞ்சுச் செஞ்சிலுவையின் நோயாளர் ஊர்தியை ஓட்டச் சென்ற அவர், தம் ஒக்ஸ்போர்ட் ஆசிரியரின் பரிந்துரையின் பின்னரே 1917 இல் அதிகாரியானார். அதே ஆண்டில் நியமனம் பெற்ற இந்திர லால் றோய் 1918 யூலையில் வான்போரில் மாண்டார். இனத்தடையைத் தகர்ப்பதற்கு மாலிக்கின் துணிவு மட்டும் போதவில்லை. ஆளும் வர்க்கத்தின் கல்விக்கூடத் தொடர்பும் வேண்டியிருந்தது.

1925 இல் நியமிக்கப்பட்ட ஸ்கீன் குழு, விமானப்பிரிவு உள்ளிட்ட துறைகளில் இந்தியர் அதிகாரிகளாக வழி திறக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. முகம்மது அலி ஜின்னா அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர். இதன் தொடர்ச்சியாக இந்திய இளைஞர் இங்கிலாந்தின் கிறான்வெல் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். இந்திய விமானப்படை 1932 ஒக்டோபர் 8 ஆம் நாள் சட்டபூர்வமாக உருவானபோது அவருள் ஐவர் விமானிகளாக நியமனம் பெற்றனர். உடன் பயின்ற ஆங்கிலேயர் சேர்ந்த றோயல் விமானப்படையில் அன்றி, தனியான இந்தியப் படையிலேயே இவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. றோயல் விமானப்படையில் அதிகாரியாவதற்குக் கலப்பற்ற ஐரோப்பிய வம்சாவளி வேண்டும் என்ற விதி 1939 ஒக்டோபரிலேயே, அதுவும் போர்க்காலத்துக்கென, தளர்த்தப்பட்டது.

ஐவருள் ஒருவரான சுப்றோதோ முகர்ஜியின் தந்தையார் இந்திய சிவில் சேவை அதிகாரி. இந்திர லால் றோய் அவருக்கு மாமன் முறையினர். இவ்வாறு, இனவாயில் சற்றே திறந்தபோது, ஏற்கெனவே ஆட்சியமைப்பில் இடம்பெற்றிருந்த உயர் மத்திய வர்க்கம் அதனுள் முதலில் நுழைந்ததைக் காண்கின்றோம்.

1933 ஏப்ரல் முதலாம் நாள் கராச்சியின் டிறிக் றோட் தளத்தில் நான்கு வாப்பிற்றி விமானங்களுடன் முதலாவது ஸ்குவாட்றன் அமைக்கப்பட்டது. விமானிகளுக்கு அருகில் ‘ஹவாய் சிப்பாய்’ என்ற பெயருடன் இன்னொரு கூட்டம் நின்றது. இயந்திரங்களைப் பழுதுபார்த்து விமானங்களைப் பறக்கச் செய்தோர் அவர்களே. அவருள் ஒருவரான ஹர்ஜிந்தர் சிங், லாகூரில் பொறியியற் கல்வி பெற்றவர். விமானத்தின் இயந்திரத்தை நன்கறிந்த அவர் சிப்பாயாகவே சேர்ந்தார். 1942 இலேயே அதிகாரியானார். பின்னாளில் எயார் வைஸ் மார்ஷல் தரத்துக்கு அவர் உயர்ந்தமை, தொடக்கத்தில் அவருக்கு இல்லாதிருந்தது ஆற்றல் அன்று என்பதை நிறுவுகின்றது. போரின் தேவையே அவ்வாயிலை அகலத் திறந்தது. ஒரே ஸ்குவாட்றனாக இருந்த படை போர் முடிவில் ஒன்பதாகப் பெருகியிருந்தது. கனவான்களை மட்டும் கொண்டு அத்தகைய படையை நடத்துதல் இயலாது.

இம்முரண்பாடு 1946 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு சனவரியில், படையிலிருந்து விடுவிக்கப்படுவதிலுள்ள தாமதத்தை எதிர்த்து றோயல் விமானப்படையின் சாதாரண படையினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதே டிறிக் றோட்டில் மூண்ட அந்நெருப்பு இந்தியத் தளங்கள் பலவற்றுக்கும் இலங்கைக்கும் பரவியது. பெப்ரவரியில் கடற்படையினர் கிளர்ந்தபோது, இந்திய விமானப்படையினரும் பம்பாய் முதலிய இடங்களில் அவர்களுக்கு ஆதரவாகப் பணியை நிறுத்தினர். வெள்ளைத் தோலும் கறுப்புத் தோலும் அடுத்தடுத்து ஒரே ஆயுதத்தை ஏந்தின. ஆனால் வல்லபாய் பட்டேலும் ஜின்னாவும் கடற்படையினரைச் சரணடையுமாறே அறிவுறுத்தினர். இந்தியர் அதிகாரிகளாக வேண்டும் என்று வாதிட்ட தலைமை, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் இடையிலான உறவு மாறவேண்டும் என்று கோரவில்லை.

முகர்ஜி 1954 ஏப்ரலில் இந்திய விமானப்படையின் முதலாவது இந்தியத் தளபதியானார். சுதந்திரத்தின் பின் மூன்று ஆங்கிலேயர் வகித்த பதவி அது. இதன் வரலாற்று முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடுதல் வறட்டுவாதமாகும். பிற்காலத்தில் வாயில் மேலும் அகன்றது. 2016 இல் பெண்கள் மூவர் போர் விமானிகளாக நியமனம் பெற்றனர். எனினும், ‘அதிகாரிக்குரிய பண்புகள்’ என்ற சொற்றொடர் தேர்வுக் களங்களில் இன்றும் வழக்கில் உள்ளது. தன்னம்பிக்கை, பேச்சுவன்மை முதலியன பிறவிக் குணங்கள் போலத் தோன்றும். அவை பெருமளவுக்குப் பாடசாலையும் வீட்டுச் சூழலும் வளர்த்தெடுப்பவை.

தேசியப் படை எனப்படுவது எந்த அளவுக்குத் தேசத்தின் படை என்பதை அதன் கொடியைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. விமானத்தைப் பழுதுபார்ப்பவனின் மகளும் அதனைச் செலுத்தும் அதிகாரியாவதற்குத் தடையாயிருப்பவை எவை என்று வினவுவதே சரியான தொடக்கமாகும். இனத்தடை வீழ்ந்த பின்னரும் அவ்வினா எஞ்சி நிற்கின்றது.