அரைப்புள்ளி திறந்த கதவு



ஒரு குறி இடம் மாறினால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும் என்று நிறுத்தற்குறிப் பாடத்தில் நான் அடிக்கடி கூறுவதுண்டு. கணினி அச்சுப்பணியின் வரலாற்றில் இக்கூற்றுக்கு நல்லதொரு சான்று உள்ளது.

லினக்ஸ் கணினிகள் அச்சிடுவதற்குப் பெரிதும் நம்பியிருப்பது 'கப்ஸ்' என்னும் மென்பொருள். மைக்கேல் சுவீட் என்பவர் 1997இல் அதனை உருவாக்கத் தொடங்கினார். 2002இல் ஆப்பிள் நிறுவனமும் தன் மேக் இயங்குதளத்தில் அதனை ஏற்றுக்கொண்டது. லினக்சில் அதற்குத் துணையாக இயங்குவது 'ஃபூமேட்டிக்-ரிப்' என்னும் நிரல். அச்சுப்பொறியின் விவரக் கோப்பில் எழுதியுள்ள கட்டளை வரியை எடுத்து, ஆவணத்தை மாற்றித் தருமாறு கணினியைப் பணிப்பது அதன் வேலை. அவ்வரியில் வெளியார் சொற்கள் கலந்தால், அவையும் கட்டளையாகிவிடும்.

விவரக் கோப்பில் தீய கட்டளையை எழுதிவைத்தால் அதுவும் இயங்கும் என்பது 2011இல் வெளிப்பட்டது. 2015இல் மற்றொரு குறை தெரிந்தது. ஆபத்தான குறிகளை விலக்க நிரலில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் இடப்புறம் சாய்ந்த ஒற்றை மேற்கோள் விடுபட்டிருந்தது. அதனைச் சேர்த்தார்கள். பின்னர் அரைப்புள்ளியும் விடுபட்டிருந்தது தெரியவந்தது! கணினிக்கு அரைப்புள்ளி என்றால், ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள்.

2024 செப்டம்பரில் இத்தாலியரான சிமோனே மார்கரிட்டெல்லி நான்கு பிழைகளை வெளியிட்டார். 'கப்ஸ்-பிரவுஸ்ட்' என்னும் சேவை, 631ஆம் யுடிபி வாயிலில் எவர் அனுப்பிய செய்தியையும் ஏற்றது. "இதோ ஓர் அச்சுப்பொறி" என்று அந்நியன் அறிவித்தால், அவன் தந்த விவரங்கள் சோதிக்கப்படாமலேயே கோப்பில் ஏறின. பயனர் அப்பொறிக்கு ஆவணத்தை அனுப்பியதும் அவன் கட்டளை இயங்கியது. 2011இல் கண்ட அதே கட்டளை வரிதான் இங்கும் வழிவிட்டது.

தீயவற்றை மட்டும் பட்டியலிட்டு விலக்குவது போதாது. நல்லதென அறிந்ததை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

தேர்வுத்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும் பள்ளி அச்சுப்பொறியின் வழியாகத்தான் செல்கின்றன. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ லினக்ஸ் கணினி இருந்தால், மென்பொருளை உடனே புதுப்பியுங்கள்; அந்தச் சேவை தேவையில்லையெனில் நிறுத்திவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: அறியாதவர் எழுதித் தந்ததைப் படிக்கலாம், ஆணையாக ஏற்கலாகாது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்