மீண்டோர் மீண்டும் சிறைபுகுதல்

ஒருகாற் குற்றஞ் செய்து தண்டனை கழித்து வெளிவந்தவன் மறுகாலும் சிறை புகுதற்குக் காரணம் யாது? "அஃது அவன் பிறவிக்குணம்" என்று எளிதிற் கூறி அமைவோர் பலர். அக்கூற்றுப் பொருந்தாதென்பதைப் பழைய சென்னை இராஜதானியின் சரித்திரமே காட்டும்.

1871-ஆம் ஆண்டில் வடநாட்டிற் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் நம் இராஜதானிக்கும் நீட்டப்பெற்றது. பிரமலைக் கள்ளர், குறவர் முதலிய வகுப்பார் பலர் அதன் வாய்ப்பட்டனர். பதிவு செய்யப்பெற்றோர் விரல்ரேகை கொடுத்தல் வேண்டும். குறித்த வேளையில் அதிகாரிமுன் தம் இருப்பைக் காட்டல் வேண்டும். அனுமதிச்சீட்டின்றி ஊரெல்லை கடத்தலாகாது. மீறினாற் சிறை. கூலி தேடி அயலூர் சென்றவனும் இவ்வாற்றாற் குற்றவாளியாயினான். இன்னும், குறித்த சில குற்றங்கட்கு இரண்டாமுறை தண்டனையடைந்தோர்க்குத் தனிக்காரணமில்வழி ஏழாண்டுக்குக் குறையாத சிறையும், மூன்றாமுறை ஆயுள்வரை தீவாந்தரமும் 1924-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பிழைக்கும் வழியையும் அடைத்து, அவ்வழியின்மையால் மீண்டு வந்தவனைப் "பரம்பரைக் குற்றவாளி" என்றும் இகழ்ந்தனர். என்னே அந்நீதி!

அச்சட்டம் சென்னையில் 1947-லும், நாடெங்கும் 1952-லும் ஒழிந்தது. எனினும் வழக்கம் எளிதில் ஒழிந்திலது. சிறைப்பதிவேடுகளிற் சாதி குறிக்கும் பத்தியை நீக்குக என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட 2024-ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று.

இச்சட்டம் இல்லாத அமெரிக்காவின் கணக்கையும் நோக்குவோம். அங்கே 30 மாநிலங்களில் 2005-ல் விடுதலை பெற்றோருள் நூற்றுக்கு 77 பேர் ஐந்தாண்டுக்குள் மறுபடியுங் கைதாயினர். அங்ஙனம் கைதானோருட் பாதிக்கு மேற்பட்டோர் முதலாண்டிலேயே அகப்பட்டனர். ஆதலின் வெளிவந்த முதலாண்டே ஒருவன் வாழ்வைத் துணிவதாகும். உறையுளும் ஊதியமும் அவ்வாண்டிற் கிட்டாதவன் பழைய கூட்டத்தையே நாடுவன்.

நம் யானைக்கவுனிக்கு அணித்தே, இருப்புப்பாதைக்குத் தெற்கில், 1837-ல் எழுந்த மத்தியச் சிறைச்சாலை 2006-ல் மூடப்பெற்றுப் புழலுக்கு மாறியது. மதில் அகன்றது; அதனின்று வெளிவந்தோரை நாம் நோக்கும் நோக்கு அகன்றதோ? சிறையினுள் தச்சும் நெசவும் கற்றவன் வேலை கேட்டு வருங்கால், "எங்கிருந்தாய்?" என்ற ஒரு வினாவே அவனைத் திருப்பியனுப்பிவிடுகின்றது.

கடையும் பட்டறையும் உடைய நம் சங்கத்து அன்பர்காள்! பிறப்பைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியென்றது ஒரு காலத்துச் சட்டம். தண்டனை தீர்ந்த பின்னும் அவனை அங்ஙனமே கருதுவோமாயின், அச்சட்டத்தை நம் வாயிலில் நாமே நிலைநிறுத்தியவராவோம். அம்முதலாண்டில் ஒருவனுக்கேனும் ஒரு தொழில் ஈவது நம் கடமையாம்.