அந்தமான் இல்லங்களும் மறைந்து பரவிய நோயும்

1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவிய ஆங்கிலேய அரசு, சுற்றியிருந்த காடுகளில் வாழ்ந்த கிரேட் அந்தமானியரை வசப்படுத்தும் நோக்கில், 1863இல் ராஸ் தீவில் பாதிரியார் ஹென்றி கார்பின் பொறுப்பில் ‘அந்தமான் இல்லம்’ என்னும் தங்குமிடத்தைத் தொடங்கியது. உணவும் புகையிலையும் தந்து பழங்குடியினரை ஈர்த்த இத்தகைய இல்லங்கள் பெருகியபோது, அவற்றில் பணியாற்றிய கைதிகளுடன் ஏற்பட்ட தொடர்பின் வழியே, கிரந்தி எனத் தமிழில் வழங்கும் சிபிலிஸ், அதை அதுவரை அறிந்திராத அம்மக்களிடையே புகுந்தது.

இல்லங்களின் பொறுப்பதிகாரி இ. எச். மேன் 1876இல் அதைக் கண்டறிந்தபோது தொற்று ஏற்கெனவே பரவியிருந்தது. இந்நோய் எளிதில் மறைந்திருக்க வல்லது: முதல் நிலையில் தோன்றும் வலியற்ற புண், பெண்களுக்குப் பல வேளைகளில் யோனிக்குள்ளோ கருப்பைக் கழுத்திலோ அமைவதால் வெளியே புலப்படுவதில்லை, சில வாரங்களில் தானே ஆறிவிடுவதால் நோய் நீங்கிவிட்டது என்ற மயக்கமும் உண்டாகிறது. நோய்க்கிருமி 1905இலும், வாசர்மானின் இரத்தச் சோதனை 1906இலும்தான் வெளிவந்தன. பென்சிலின் இதனைக் குணப்படுத்தும் என்பது 1943இல்தான் தெரிந்தது. மேன் காலத்து மருத்துவம் நம்பியிருந்ததோ நச்சுத்தன்மை கொண்ட பாதரசத்தை.

1877இல் தட்டம்மை கொள்ளைநோயாகப் பாய்ந்தது. அதில் எஞ்சியோரின் கருவையும் சிசுவையும் சிபிலிஸ் பறித்ததால் இனம் மீண்டெழ இயலவில்லை. சில ஆயிரம் பேராக மதிப்பிடப்பட்டிருந்த கிரேட் அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேராகவும், 1961இல் 19 பேராகவும் குறைந்தனர். காப்பதாகச் சொல்லி அவர்களை இல்லங்களில் சேர்த்த நிர்வாகமே தொற்றுக்கு வழி திறந்தது என்பதால், இப்பேரழிவின் பொறுப்பைக் கிருமியின் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.

இன்று இந்திய அரசின் பால்வினைநோய்த் திட்டம், அறிகுறிகளின் தொகுப்பைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்கும் முறையைப் பின்பற்றுகிறது: வெள்ளைப்படுதலுக்குச் செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும் அடங்கிய பச்சைநிறப் பொதியும், பிறப்புறுப்புப் புண்ணுக்குப் பென்சதின் பென்சிலின் அடங்கிய வெள்ளைப் பொதியும் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆய்வுக்கூடம் தொலைவிலுள்ள தீவுகளுக்கு இம்முறை பொருந்துமெனினும், அறிகுறியே காட்டாத தொற்று இதற்குத் தப்பிவிடும். அதனால்தான் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் சிபிலிஸ் இரத்தச் சோதனை செய்வது இன்றியமையாததாகிறது. முறையிடாத பெண்ணையும் தேடிச் சென்று, மதிப்புடன் சோதித்து, உரிய மருந்தை அளிப்பதே அந்தமான் வரலாறு மருத்துவத்தின் மீது வைத்திருக்கும் கடமையாகும்.