காது வழி வந்த கல்வி

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வாயிலில், கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. வருகிறவர்களை வரவேற்க இதைவிட மங்களகரமான ஏற்பாடு அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்! உள்ளே ஒரு கல்லறைமேல் குனிந்தேன். எழுத்துக்களைக் கூட்ட முடிந்தது; பொருள்தான் விளங்கவில்லை.

"உங்களுக்கும் படிக்க வரலையா சார்?" என்றான், வழிகாட்ட வந்த பையன். அதில் பரிகாசம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது.

மீனவர் குப்பத்துப் பிள்ளை. பிளஸ் டூ பரீட்சை எழுதி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஏரியில் எங்கே எப்போது இறால் படும், இன்றைக்கு யாருடைய பாடு என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பாடு என்றால் வலை போடும் முறை. இன்ன இடம் இன்ன நாள் இன்னாருக்கு என்று ஊர் கூடி வகுத்துக்கொள்வது. ஆனால் புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும். டிஸ்லெக்சியா என்றார்களாம். அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் பரீட்சை எழுதினார்.

"அதோட சரி சார். இனிமே படிப்புப் பக்கமே போகமாட்டேன்."

எனக்கு மனம் கேட்கவில்லை. கல்லறைத் திண்ணையிலேயே உட்கார்ந்து, அவன் ஊர்க் கதையையே அவனுக்குச் சொன்னேன்.

டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613-இல். 1632 முதல் பத்து வருஷம் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற பாதிரியார் இங்கே இருந்தார். மெத்தப் படித்தவர், ஆனால் ஸம்ஸ்கிருதச் சுவடிக்கு முன்னால் அவரும் எழுத்தறியாதவரே. பத்மநாபன் என்ற பிராமணர் போர்ச்சுகீசிய மொழியில் விளக்கிச் சொல்ல, இவர் கேட்டுக் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் பாடல்களும் அப்படித்தான் அவரை எட்டின. சிருங்காரப் பகுதி மட்டும் எட்டவில்லை! அவர் இறந்தபின், 1651-இல், லெய்டன் நகரில் அந்தப் புத்தகம் அச்சாயிற்று. ஸம்ஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதல் தடவை.

"அவர் கண்ணாலே படிக்கலையா?"

"காதாலே படித்தார், தம்பி."

இன்னொரு கடற்கரை ஊர்க் கதையும் சொன்னேன். இங்கிலாந்தில் ஸீபோர்ட் என்ற ஊர் வைத்தியர் பிரிங்கிள் மார்கன், 1896-இல் மருத்துவப் பத்திரிகையில் பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெர்சி என்ற தன் பெயரையே அவன் எழுத்து மாற்றி எழுதுவான். ஆனால் பெரிய பெருக்கல் கணக்கைச் சட்டென்று போட்டுவிடுவான். பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்பது வாத்தியாரின் அபிப்பிராயம். இருந்தும் பாடம் என்னவோ புத்தகத்தில்தான் இருந்தது.

இவன் பெர்சியின் காலத்துப் பிள்ளை அல்ல. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தக் குறையைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. கல்லூரியிலும் உதவி கேட்கலாம். கைப்பேசியே புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறது. இதையெல்லாம் சொன்னபோது அவன் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

எழுந்து நடந்தோம். எலும்புக்கூடுகளைத் தாண்டியதும் கேட்டான்: "அந்தப் பத்மநாபன் சொன்னதை யாராவது தமிழ்லே படிச்சுக் காட்டுவாங்களா சார்?"